சேற்றில் புதைந்த சக்திமான்

மீட்பு என்னும் சொல்லை நாம் வெகு எளிதாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நம் பாட்டனார் காலத்துச் செபப் புத்தகங்களில் அது இரட்சணியம் என்றிருந்தது. பின்னர் மீட்பு ஆயிற்று. அடகுக் கடையில் கிடக்கும் தாலிக்கொடியை மீட்டுவருவது என்னும் வீட்டுப் பேச்சுச் சொல்லையே ஆண்டவர் இயேசுவின் பெருஞ்செயலுக்கும் சூட்டியிருக்கிறோம். பொருத்தமான சொல்தான். குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஆன்செல்ம் எழுதிய நூலை முன்வைத்துத்தான் எங்களுக்கு மீட்பின் பாடம் நடந்தது. கடன், ஈடு, பரிகாரம் என்று வகுப்பு முழுவதும் ஒரு கணக்குப் புத்தகத்தின் வாடை அடிக்கும். எவ்வளவு கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பனவே எங்கள் கேள்விகளாக இருந்தன. எப்படி இழுத்தார், எங்கே பிடித்து இழுத்தார், இழுக்கும்போது நமக்கு வலித்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அதே சொல் மலைச்சாலைகளிலும் புழங்குகிறது. பள்ளத்தில் கவிழ்ந்த லாரி மீட்கப்பட்டது என்று நாளிதழ் எழுதுகிறது. அதை மேலே கொண்டுவரும் வண்டியை நம் மக்கள் 'ரெக்கவரி வண்டி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'ரெக்கர்' என்றும் ஒரு பெயர் உண்டு. உடைத்து நொறுக்குபவனுக்கும் அம்மொழியில் அதே சொல்தான்! தூக்கிவிட வருபவனுக்கும் நொறுக்க வருபவனுக்கும் ஒரே பெயர் இருப்பது முதலில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது. ஒரு முழு நாள் அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தபின், அப்பெயரில் ஓர் எச்சரிக்கை இருப்பதாகவே படுகிறது.

நீலகிரியின் மேற்குச் சரிவில், பந்தலூர்ப் பக்கத்தில், சில ஆண்டுகள் பங்குத்தந்தையாகப் பணியாற்றினேன். தேயிலையும் காப்பியும் மிளகும் விளையும் மண் அது. மேடெல்லாம் தோட்டம், மேடுகளுக்கு இடையே 'வயல்' என்று அழைக்கப்படும் சதுப்பு நிலம். 2019 ஆகஸ்டில் அந்த மாவட்டமே மழையில் மிதந்தது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது அந்த மழையில்தான். எங்கள் பங்கில் அம்மழை கொண்டுபோனவற்றுள் ஒன்று, பழைய பட்டாள லாரி ஒன்று. பச்சைத் தேயிலை மூட்டைகளோடு வந்துகொண்டிருந்த அந்தச் சக்திமான், சாலையின் ஓரம் சரிந்ததால் சதுப்பில் இறங்கிவிட்டது. ஓட்டியவர் உயிர் தப்பினார்.

முப்பது வயதைக் கடந்தவர்களுக்குச் சக்திமான் என்றால் தொலைக்காட்சியில் சுழன்று சுழன்று பறந்த வீரன்தான் நினைவுக்கு வருவான். இது வேறு சக்திமான். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமம் பெற்று, 1959 முதல் ஜபல்பூரில் நம் படைக்காகத் தயாரிக்கப்பட்ட லாரி. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். 1965, 1971 போர்களில் உழைத்தது. படை கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து, மரம் இழுக்கவும் தோட்டச் சரக்கு ஏற்றவும் மலைப்பகுதிகளில் பயன்படுத்தினார்கள். சாதாரண லாரி ஏற மறுக்கும் சேற்றுப் பாதையில் முனகிக்கொண்டே ஏறிவிடும். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அதன் உரிமையாளர் எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர். படையில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் 'மிலிட்டரி ஐயா'. அவருக்கு இரண்டு மகன்கள். அன்று வண்டியை ஓட்டியவர் இளையவர். வண்டியில் இருந்தது மூத்தவரின் தேயிலை. "அந்த வழியே போகாதே என்றேன், கேட்கவில்லை" என்பது அண்ணனின் கட்சி. "இலை வாடிப்போகும், இன்றே கொண்டுபோ என்று விரட்டினார்" என்பது தம்பியின் கட்சி. இரண்டும் உண்மையாக இருக்கலாம். குடும்பச் சண்டைகள் பெரும்பாலும் அப்படித்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. ஒரே பூசைக்கு வருவார்கள், ஒரே நன்மை வாங்குவார்கள், வேறு வேறு வாசல் வழியாக வெளியேறுவார்கள். வண்டியை எடுக்க இருவரும் முன்வரவில்லை. எடுத்தால், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். இரண்டரை ஆண்டு அது அங்கேயே கிடந்தது. கேபினுக்குள் புல் முளைத்தது. இரவில் வந்த யானைகள் உரசிச் சென்ற சேற்றுத் தடம் அதன் பக்கப் பலகையில் காய்ந்திருக்கும். கோவிலுக்கு வரும் பாதையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பங்கு மக்கள் அனைவரும் ஞாயிறுதோறும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வருவார்கள்.

2022 தொடக்கத்தில் பெரியவர் தம் ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து ரெக்கவரி வண்டிக்கு ஏற்பாடு செய்தார். மூத்த மகன் என்னிடம் வந்தார். "சாமி, நீங்களாவது அப்பாவிடம் சொல்லுங்க. அதை வெளியே எடுக்கிற கூலியில் பாதிகூடப் பழைய இரும்பு விலைக்குத் தேறாது" என்றார். கணக்கு சரியாகவே இருந்தது. ஆகவே பெரியவரைப் பார்க்கப் போனேன். ஆனால், தடுப்பதற்காகப் போகவில்லை, கேட்பதற்காகப் போனேன்.

அவர் பணியாற்றியது இ.எம்.இ. என்னும் பிரிவில். பழுதான வண்டிகளையும் கருவிகளையும் செப்பனிடுவது அப்பிரிவின் கடமை. செகந்திராபாத்தில் பயிற்சி பெற்று, சிக்கிம் எல்லைச் சாலைகளில் ஆண்டுக்கணக்காகப் பனியிலும் சேற்றிலும் லாரிகளை வெளியே இழுத்தவர் அவர். அவரிடம் கேட்டதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியப் படை பட்ட பாடுகளில் இதுவும் ஒன்று. பகலில் அடிபட்டு நிற்கும் பீரங்கி வண்டிகளை, போர் ஓய்ந்ததும் ஜெர்மானியர் சுறுசுறுப்பாக இழுத்துச் சென்று செப்பனிட்டு மறுபடியும் களத்தில் இறக்கினார்கள். மீட்கத் தெரிந்த படைக்கு, இழந்தவை எல்லாம் இழப்பு ஆகிவிடுவதில்லை. 1942 அக்டோபரில், எல் அலமைன் பெரும்போருக்குச் சில வாரங்களுக்கு முன், பிரித்தானியப் படையில் இதற்கென்றே தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1943இல், இந்தியப் படையிலும் அத்தகைய பிரிவு உருவாயிற்று. நம் பெரியவர் பின்னாளில் சேர்ந்தது அந்தப் பரம்பரையில்தான்.

இழுக்கும் வண்டியின் கதை இன்னும் பழையது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்னும் ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர் இருந்தார். ஓடையில் விழுந்த ஒரு காரைக் கட்டைகளும் கயிறுகளும் ஆறு ஆள்களும் கொண்டு இழுத்து வெளியே எடுக்கப் படாத பாடு பட்டார். அந்தச் சலிப்பில், 1916இல், பழைய கார் ஒன்றின் சட்டத்தின்மேல் கம்பங்களையும் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தி, இழுக்கும் வண்டியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் 'டயமண்ட் டி' என்னும் படை ரெக்கரின் முதுகில் இரட்டைக் கைகளாக நின்றவை அவர் நிறுவனத்தின் சாதனங்களே. சட்டனூகாவில் இன்று இத்தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு நினைவுச் சுவரும் உண்டு. பிறர் வண்டியை மீட்கப் போய்ச் சாலையோரத்தில் தம் உயிரை இழந்த தொழிலாளர்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். மீட்பவனுக்கு மீட்பு வேலை ஆபத்தில்லாதது அன்று.

பெரியவரிடம் செலவுக் கணக்கைப் பற்றியும் பேசினேன். "இரும்பு விலைக்காக எடுக்கலை சாமி. கிடக்குதே, அதுக்காக எடுக்கிறேன்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் எரேமியா நூலின் முப்பத்திரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். நாடு கைவிட்டுப் போவது உறுதி. இறைவாக்கினரோ காவலில் இருக்கிறார். அந்த வேளையில் உறவினர் ஒருவர் வந்து அனத்தோத்திலுள்ள நிலத்தை மீட்டுக்கொள்ளச் சொல்கிறார். எரேமியா பதினேழு செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் எழுதி முத்திரையிட்டு, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். சந்தைக் கணக்கில் அது சுத்த நட்டம். எபிரேயச் சட்டத்தில் மீட்பவன் முதலாவதாக உறவினன். நிலமோ ஆளோ கைவிட்டுப் போகும்போது உறவு என்பதற்காகவே மீட்கக் கடமைப்பட்டவன். விலை குறைவாக இருந்தால் மீட்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. மூத்த மகனிடம், "அப்பாவைத் தடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய வாரம், வயல் ஓரளவு காய்ந்திருந்தபோது, ரெக்கவரி வண்டி வந்தது. கூடலூர்ப் பக்கத்து முசுலிம் அன்பர் ஒருவருடையது. எல்லாருக்கும் அவர் 'பாய்'. பழைய லாரி ஒன்றின் முதுகில் இரும்புக் கையும் வின்ச்சும் பொருத்திய வண்டி. உதவிக்கு மூன்று பேர். வந்தவுடன் இழுப்பார்கள் என்று எதிர்பார்த்து ஊரே கூடியிருந்தது. பாயோ ஒரு மணி நேரம் சதுப்பைச் சுற்றி நடந்தார். பெரியவர் ஊன்றுகோலோடு கூடவே நடந்தார். படையில் ஒரு கணக்கு உண்டாம். சக்கரம் அளவுக்குப் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடை அளவுக்கு விசை வேண்டும். மட்கார்டு வரை என்றால் இரு மடங்கு. கேபின் வரை என்றால் மும்மடங்கு. நம் வண்டி மட்கார்டு வரை இறங்கியிருந்தது. வெற்று வண்டியே ஐந்து டன் என்று வைத்தால் பத்து டன் இழுவை. பாயின் வின்ச்சுக்கு அதில் பாதிதான் தாங்கும்.

ஆகவே முதலில் மண்வெட்டிகள் வந்தன. சக்கரங்களுக்கு முன்னே சேற்றை வெட்டிச் சரிவு செய்தார்கள். தேங்கிய நீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். சேறு எடையால் மட்டும் பிடிப்பதில்லை, உறிஞ்சிப் பிடிக்கிறது. காற்றுப் புக வழி விட்டால் பிடி தளர்கிறது. பிறகு, கரையில் மார்பளவு ஆழத்துக்குக் குறுக்காக ஒரு பள்ளம் தோண்டி, பருத்த தைலமரக் கட்டை ஒன்றில் இரும்பு வடத்தைச் சுற்றி, அதைப் படுக்கவைத்து, மண்ணைப் போட்டு மிதித்து மூடினார்கள். தோண்டியவர்களில் இளைய மகனும் ஒருவர். எதற்கு இது என்று கேட்டேன். வின்ச்சிலிருந்து வரும் வடம், புதைந்த வண்டியில் மாட்டிய கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து இந்தக் கட்டையில் முடியும். அப்போது இழுவை இரட்டிக்கிறது. பாதிப் பாரத்தை ரெக்கவரி வண்டி தாங்கும். மறு பாதியை மண்ணுக்குள் கிடக்கும் இந்தக் கட்டை தாங்கும்.

"பட்டாளத்தில் இதுக்கு டெட்மேன்னு பேரு சாமி. செத்தவன். புதைச்சவன் பிடிச்சுக்கிட்டாத்தான் உசிரோட இருக்கிறவன் இழுக்க முடியும்" என்றார் பெரியவர்.

பெரிய சனியன்று, கல்லறை அமைதியில் நம் ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று எத்தனையோ மறையுரைகளை நிகழ்த்தியவன் நான். அந்த முதியவரின் வாக்கியத்துக்கு மேல் எதையும் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்துப் பாய் கேட்டது பழைய துணி. இழுவைப் பட்டையைச் சேசிஸில் சுற்றும் இடத்தில் இரும்பின் விளிம்பு கூர்மையாக இருக்கும். துணி வைக்காவிட்டால் பட்டையை அறுத்துவிடும். ரெக்கவரி வண்டியையே கட்டி நிறுத்தவேண்டிய பலாமரத்தைச் சுற்றியும் ஏதாவது வைக்கவேண்டும். இல்லையென்றால் சங்கிலி பட்டையை உரித்து மரத்தைக் கொன்றுவிடும். இழுக்கும்போது இரும்பு வடத்தின் மேலும் நனைந்த சாக்குகளைப் போடவேண்டும். வடம் அறுந்தால் சாட்டைபோல் சுழன்று ஆளை வெட்டும், சாக்கின் கனம் அதைத் தரையில் அமுக்கும். இப்படி எல்லாவற்றுக்கும் துணி, சாக்கு. யாரோ இரண்டு கிழிந்த சேலைகளைக் கொண்டுவந்தார்கள். போதவில்லை. அதுவரை தேயிலைச் செடிகளுக்கிடையே கைகட்டி நின்ற மூத்த மகன் எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போய், ஒரு கட்டுக் காப்பிச் சாக்குகளைத் தோளில் சுமந்துவந்து பாயின் காலடியில் போட்டார். திரும்பவும் போய்த் தம் இடத்தில் நின்றுகொண்டார்.

எரேமியா நூலுக்கே மறுபடியும் போகிறேன், பொறுத்தருள்க. முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் அந்த இறைவாக்கினரைத் தண்ணீரில்லாத கிணற்றுக்குள் இறக்கிவிடுகிறார்கள். அவர் சேற்றில் அமிழ்கிறார். சொந்த மக்கள் ஒருவரும் அசையவில்லை. அரண்மனைப் பணியாளராகிய எத்தியோப்பியர் ஒருவர், வேற்றினத்தார், அரசனிடம் போய் வாதாடி அனுமதி வாங்குகிறார். எபேது மெலேக்கு என்று அவர் பெயர். அரசனின் ஊழியன் என்பதே அதன் பொருள். அது பெயர்தானா, பதவியா என்றுகூட உறுதியில்லை. எபிரேய மூலம் அவரோடு முப்பது ஆள்கள் போனதாகச் சொல்கிறது. மெலிந்த ஒரு மனிதரை இழுக்க முப்பது பேர் எதற்கு என்று கருதிய மொழிபெயர்ப்பாளர் பலர், மூன்று என்னும் பாடத்தையே தேர்ந்துகொண்டார்கள். வகுப்பறையில் நானும் மூன்றின் பக்கம்தான் இருந்தேன். சேற்றின் பிடியை நேரில் கண்ட அந்த நாளுக்குப் பிறகு முப்பதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை.

ஆனால், நான் சொல்ல வந்தது வேறு. அந்த எத்தியோப்பியர் கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றுக்குப் போகவில்லை. அரண்மனைக் கருவூலத்தின் கீழிருந்த அறைக்குப் போய்க் கந்தல்களையும் நைந்த துணிகளையும் பொறுக்கினார். அவற்றைக் கயிற்றால் கீழே இறக்கி, அக்குளில் வைத்து அவற்றின்மேல் கயிற்றைக் கட்டிக்கொள்ளுமாறு எரேமியாவிடம் சொன்னார். நாடு அழிந்துகொண்டிருக்கும் நேரத்தைப் பற்றி எழுதும் திருநூல், கந்தல் துணிக்காக நின்று இரண்டு வசனங்களைச் செலவிடுகிறது. அமிழ்ந்தவரை வெளியே எடுத்தால் போதாது. எடுக்கும்போது தோல் உரியக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. நம் பங்குகளில் வழிதவறியவர்களை 'மீட்டெடுக்க' நாம் நடத்தும் முயற்சிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கயிறு நம்மிடம் தாராளமாக இருக்கிறது. கந்தல் தேடப் போகிறவர்தாம் அரிது.

பாய் லுஹர் தொழுகையை முடித்து வந்ததும், எல்லாரையும் வடத்தின் நீளத்துக்கு அப்பால் விலகச் சொல்லிவிட்டு வின்ச்சைத் தொடக்கினார். வெடுக்கென்ற இழுப்பு எதுவுமில்லை. வடம் விறைத்தது, பலாமரம் ஒருமுறை முனகியது, அதன்பின் நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பாய் அதே விசையில் நிறுத்திக் காத்திருந்தார். பின்பு சதுப்பு பெருமூச்சு விட்டதுபோல் ஓர் ஓசை. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. நிறுத்தி, பட்டையைச் சரிபார்த்து, பலகை வைத்து, மறுபடி ஒரு சாண். மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும் வந்தன; நின்றபடியே சாப்பிட்டார்கள். மாலை வெயில் சாயும் நேரத்தில்தான் பின்சக்கரங்கள் கெட்டித் தரையைத் தொட்டன. இளைஞர்கள் கை தட்டினார்கள். பெரியவர் தட்டவில்லை. "இன்னும் புரப்பெல்லர் ஷாஃப்டைக் கழட்டணும்" என்றார்.

இதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துச் செல்லும்போது பின்சக்கரங்கள் உருளும். உருளும் சக்கரம் அந்தத் தண்டு வழியாகக் கியர்ப்பெட்டியையும் சுழற்றும். உள்ளே எஞ்சின் ஓடவில்லை. எண்ணெய் போய்ச்சேரவேண்டிய இடங்களுக்குப் போய்ச்சேராது. பற்கள் காய்ந்து தேய்ந்து எரிந்துபோகும். சேற்றிலே தப்பிய வண்டி, காப்பாற்றிக் கொண்டுபோகும் சாலையிலே அழியும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில், துருப்பிடித்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை என்றார் பாய்.

மறுநாள் விடியலில் கூடலூருக்குப் புறப்பட்டார்கள். ஏற்றத்தைவிட இறக்கமே கடினமாம். பிரேக் இல்லாத வண்டி பின்னாலிருந்து தள்ளும். மீட்கப்படுவது மீட்பவனையே பள்ளத்துக்குள் தள்ளப் பார்க்கும். முதல் கியரிலேயே இறங்கினார்கள். தேவாலா வளைவுகளில் நின்று நின்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டே போனார்கள். கட்டையோடு பின்னால் நடந்தவர்கள் இரண்டு பேர்; வலச் சக்கரத்துக்கு ஒருவர், இடச் சக்கரத்துக்கு ஒருவர். அவர்கள் பேசிக்கொண்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கூடலூர் செல்லவேண்டியிருந்தது, பட்டறையில் எட்டிப்பார்த்தேன். பெரியவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எஞ்சினுக்கு அடியில் இளைய மகன் மல்லாந்து படுத்திருந்தார். மூத்தவர் குனிந்து விளக்கைப் பிடித்திருந்தார். எண்ணெய் வடிக்கும் திருகைத் திறந்ததும் முதலில் பழுப்பு நிறத்தில் வயல் தண்ணீர்தான் கொட்டியது. ஒரு வாளி நிறைந்தது. "விளக்கைக் கொஞ்சம் கிட்டே காட்டுண்ணே" என்று கீழிருந்து குரல் வந்தது. விளக்கு தாழ்ந்தது. தண்ணீர் மெலிந்து, நின்று, பிறகு கெட்டியாகக் கறுத்த எண்ணெய் நூல்போல் இறங்கத் தொடங்கிற்று. பெரியவர் விரலை நீட்டி அதைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.